மூன்றரை மணி நிழல்

மாநகராட்சிப் பூங்காத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்த வேதமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. அவர் குருவாக ஏற்றிருந்த சிவகலை அம்மை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சந்தைக்குப் பின்னால் ஒரு சிறிய மடத்தில் இருந்தார்.

போன கோடையில் அந்த நகரத்தில் மூன்று பேர் வெயில் தாங்காமல் தெருவிலேயே விழுந்து இறந்திருந்தார்கள். இந்த முறை அப்படி நடக்கக்கூடாது என்று வேதமுத்து இராப்பகலாக உழைத்து ஒரு திட்டம் தீட்டினார். பதினோராயிரம் மரக்கன்றுகள். எல்லாம் புறவழிச்சாலை ஓரம். அங்கேதான் காலி நிலம் கிடந்தது.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் வரைபடத்தோடு மடத்துக்குப் போய், இதில் குறை ஏதும் உண்டா என்று கேட்டார்.

அம்மை வரைபடத்தைப் பார்க்கவில்லை. பெரியாஸ்பத்திரி பேருந்து நிறுத்தம் வரை போய் வரலாம் என்றார். ஜீப்பைக் கூப்பிடுவதாக வேதமுத்து சொல்வதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. நிறுத்தத்தின் இரும்பு இருக்கை தோசைக்கல்லாய்க் காய்ந்தது. அதில் யாரும் இல்லை. சற்றுத் தள்ளி எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். இவ்வளவு ஒழுங்கான வரிசையை வேதமுத்து அந்த ஊரில் பார்த்ததில்லை. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. அவர்கள் நின்றது மின்கம்பத்தின் நிழலில்.

கடைசியில் நின்ற நிறைமாதக்காரி ஒருத்தி, அவர் முகம் வியர்த்திருப்பதைப் பார்த்து ஒடுங்கி நின்றாள்.

"இப்படி ஒட்டி நில்லுங்க சார். பஸ் வர நேரமாகும்."

வேதமுத்து நின்றார். முகத்துக்கு மட்டும் நிழல் கிடைத்தது. இரண்டு தோளும் எரிந்தன. நிழல் மெல்ல நகர்ந்தது. யாரும் சொல்லாமலே வரிசையும் அதோடு நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

அரைமணி கழித்துப் பேருந்து வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது. வேதமுத்துவுக்குத் தொண்டை வறண்டிருந்தது.

"இங்கே எப்படி அம்மா மரம் வைப்பது? கீழே குடிநீர்க் குழாய், கேபிள். இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் சாலை. இடமே இல்லையே."

அம்மை வெறிச்சோடிக் கிடந்த நடைபாதையைப் பார்த்தார்.

"எட்டுப் பேர் நின்றார்களே ஐயா, அது எந்த இடம்?"

வேதமுத்து அவர்கள் நின்ற இடத்தைக் காலடியால் அளக்கத் தொடங்கினார்.