வெள்ளிச் சொம்பும் ஒரு கப்புதான்

எண்ணெய் மில் முதலாளி சென்னியப்பனுக்கு ரத்தக் கொதிப்பு. "ஒரு நாளைக்கு ரெண்டே கப்பு காப்பி" என்றார் டாக்டர். மனுஷன் சொல் தட்டவில்லை, ரெண்டே தடவைதான் குடித்தார். ஆனால் வெள்ளிச் சொம்பு நிறைய. மில் ஆட்களுக்கும் ரெண்டு கப்பு உண்டு. அந்தக் கப்பு குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

கொதிப்பு இறங்காததால் டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு கப்புக்கு மேல நான் தொட்டதில்லீங்க. சமையக்காரி மாராத்தாதான் டிகாஷனைக் கொட்டிக் கெடுக்கறா. இன்னைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்திப்போடறேன்" என்றார் முதலாளி.

மாராத்தாள் உள்ளே போனாள். காப்பி நிறைந்த சொம்பை டாக்டர் முன்னாலும், மில் கப்பை முதலாளி முன்னாலும் கொண்டுவந்து வைத்தாள்.

"இதெல்லாம் ஒரு கப்பா? நாக்கு நனையுமா?" என்று எகிறினார் முதலாளி.

"எனக்கும் அதே குழப்பந்தானுங்க. எது கப்புன்னு டாக்டர் முன்னாலயே சொல்லிப்போடுங்க. நாளையிலிருந்து மில் ஆளுக நாப்பது பேருக்கும் உங்களுக்கும் அதுலயே ஊத்தறனுங்க."

முதலாளி சொம்பைப் பார்த்தார். நாற்பது சொம்பு பாலை நினைத்தார். சின்னக் கப்பைப் பார்த்தார். கண் கலங்கியது.

மறுநாள் சந்தையிலிருந்து ஒரே அளவில் நாற்பத்திரண்டு டம்ளர் வந்தது. முதலாளிக்கு ஒன்று போக, கடைசி ஒன்றை மாராத்தாள் தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டாள்.