திரும்பி வந்த மெயில்

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பாப்பா தொட்டிலில் தூங்கினாள். எதிரே, கம்ப்யூட்டர் முன்னால் என் வீட்டுக்காரரும் ஜெபசீலி டீச்சரும். டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர். அவருக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர்.

ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றின் மெயில்களை வாங்கி அனுப்புகிற சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் தனியாக எடுத்த முதல் வேலை. காலையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகவில்லை. அனுப்ப அனுமதி இல்லை என்று ஒரே வரியோடு எல்லாம் திரும்பின. மதியத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று லேப்காரர் சொல்லிவிட்டார்.

அவர் என்னவோ மாற்றினார். மெயில் போனது.

"என்ன செஞ்சீங்கண்ணே?" என்று கேட்டார் டீச்சர்.

யார் மெயில் கொடுத்தாலும் சர்வர் வாங்கி அனுப்பட்டும் என்று திறந்துவிட்டதாகச் சொன்னார்.

டீச்சர் தன் போனை எடுத்து எதையோ தட்டினார்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது. லேப்பிலிருந்து அவர் அம்மாவின், என் அத்தையின், ரிப்போர்ட் வந்திருக்கிறதாம். சர்க்கரை இறங்கிவிட்டதாம், மாத்திரையை நிறுத்திவிடலாமாம். என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"அது லேப் அனுப்பினது இல்லண்ணே," என்றார் டீச்சர். "நான் லேப் பேர்ல அனுப்பினது. உங்க சர்வர் வழியாத்தான்."

உரித்த வெங்காயம் என் கையிலேயே இருந்தது.

அவர் எல்லாவற்றையும் பழையபடி பூட்டினார். எந்த மெயிலை ஏன் திருப்பினோம் என்று சர்வரே எழுதிவைத்திருக்குமாம். அதை வரி வரியாகப் படித்தார். லேப்பில் ரிப்போர்ட் அனுப்பப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். சர்வருக்கு அதை அடையாளம் தெரியவில்லை. அந்த ஒன்றை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தார்.

ரிப்போர்ட்டெல்லாம் மளமளவென்று போயின. லேப்காரர் போனில் கூப்பிட்டு, இனிமேல் எப்போதும் நீங்களே பாருங்கள் என்றார். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார்.

டீச்சர் எழவில்லை. தன் போனை நீட்டி, அதே பொய் ரிப்போர்ட்டை இப்போது அவரையே அனுப்பச் சொன்னார்.

அனுப்பினார்.

"திரும்பிருச்சு டீச்சர். காலையில வந்த அதே வரி."

"அதே வரிதாண்ணே. காலையில உங்கள மறிச்சுது. இப்ப உங்க பக்கம் நிக்குது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சருக்கு இலை போடலாம் என்று முறத்தை ஒதுக்கிவிட்டு எழுந்தேன், அதற்குள் அத்தை உள்ளேயிருந்து, சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சர்க்கரை மாத்திரையை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.