தோற்றம்: தெரியவில்லை

அருமைநாயகம் ஐயாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பாளையங்கோட்டையில், ஓர் அச்சுக்கூடத்தில். காய்ச்சலோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். எங்கள் ஆங்கிலத் தமிழ் அகராதியில் கே எழுத்தின் முதல் பக்கங்கள் அன்று அச்சேற இருந்தன.

இருபது வருஷமாக அவரிடம் சொல் சேர்த்தவன் நான். ‘கீப்’ என்ற வினைச்சொல்லுக்கு அவர் பொருள்களை வரிசையாக எழுதியிருந்தார். முதலில் கவனித்து எதிர்பார்த்தல், பிறகு காத்தல், அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளுதல். தோற்றம் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று இருந்தது. அவர் படுத்திருந்த வாரத்தில் அதை நான் மாற்றினேன். தமிழ்க் ‘காப்பு’தான் ‘கீப்’ ஆயிற்று என்று எழுதி, அச்செழுத்தும் கோத்தாகிவிட்டது.

எங்களிடம் காகிதம் தீர்ந்திருந்தது. காகிதக் கடை பொன்னுலிங்கம் என் வரியைப் படித்துப் பூரித்துப்போனார். வெள்ளைக்காரனே நம்மிடம் வாங்கிய சொல்லா என்று கேட்டு, அகராதி முழுவதற்கும் காகிதம் தருவதாகச் சொல்லி, முதல் மாட்டுவண்டியோடு அவரே வந்து உட்கார்ந்திருந்தார்.

ஐயா பக்கத்தை வாசித்தார்.

“அழகாத்தான் இருக்கு.”

பிறகு, காப்பு எந்த ஊர் வழியாக, யார் வாயில் ஏறி இங்கிலாந்துக்குப் போனது என்று கேட்டார். ஒலி ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது என்றேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார். நானும் அதையே திருப்பிச் சொன்னேன்.

அச்சுச் சட்டத்தைத் தளர்த்தச் சொன்னார். என் வரியை ஊசியால் நெம்பி, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட ஆரம்பித்தார்.

பொன்னுலிங்கம் எழுந்துவிட்டார். தெரியாது என்று சொல்லத் தன் கடை வாட்ச்மேனே போதும், அதற்கு அகராதி எதற்கு என்றார்.

“வாத்தியாரய்யா, அந்த வரி போனா வண்டியும் போகும். யோசிச்சுக்கிடும்.”

ஐயா அடுத்த எழுத்தை எடுத்தார்.

வாசலில் மாட்டைத் திருப்பும் சத்தம் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை.

“தெரியலைன்னு போடுறதுக்கா ஐயா இருபது வருஷம் பாடுபட்டோம்?”

அவர் நிமிரவில்லை.

“மத்ததெல்லாம் வேற புஸ்தகம் பார்த்து எழுதினதுடே. தெரியலைங்கிற அந்த ஒரு வரிதான் நாலு வருஷம் தேடி எழுதினது.”

பத்தாம் நாள் அவர் காலமானார். அகராதி ஜே எழுத்தோடு நிற்கிறது.