முப்பத்தொன்றாவது லினக்ஸ்

தென்காசியில் மாரிச்செல்வி என்று ஒரு குரு உண்டு. குரு என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டால் சொன்னவருக்கு அன்றைக்கு டீ கிடையாது. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரெய்ல் பாடப்புத்தகம் அச்சிடும் சின்ன அச்சகத்தை ஒற்றை ஆளாக நடத்துகிறார். வயது முப்பத்தேழு. அதில் இருபது வருடம், கணினியை இயக்கும் லினக்ஸ் என்கிற மென்பொருளோடு கழிந்திருக்கிறது.

சீடர் அருமைநாயகத்துக்கு வயது அறுபத்தொன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். இவர் லினக்ஸ் பக்கம் கிளம்பிவிட்டார். லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகை உண்டு, பெரும்பாலும் இலவசம் என்று தெரிந்த நாளிலிருந்து மனிதருக்கு நிம்மதி போயிற்று. ஒன்றை லேப்டாப்பில் ஏற்றுவார். படம் மாற்றுவார், ஐகான் மாற்றுவார், எழுத்துரு மாற்றுவார். எல்லாம் அழகாக அமைந்த அன்று அதை அழித்துவிட்டு அடுத்ததை ஏற்றுவார். மூன்று வருடத்தில் முப்பது ஆகியிருந்தது. அவற்றில் எதிலும் அவர் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை.

மாரிச்செல்வியிடம் அவர் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும்.

"எந்த லேப்டாப் வாங்கலாம் டீச்சர்?"

"கடையில நின்னு ஒரு பக்கம் டைப் அடிச்சுப் பாருங்க அண்ணாச்சி. விரல் நோகலன்னா வாங்குங்க. பழசா இருந்தா இன்னும் நல்லது."

"பிரிண்டர்?"

"கறுப்பு வெள்ளை லேசர். கலர் வேணும்னா ஜெராக்ஸ் கடைக்குப் போங்க."

"புது வெர்ஷன் வந்தா உடனே மாத்திரலாமா?"

"ஆறு மாசம் போகட்டும். அவசரப்படுதவங்க மொதல்ல அடிபடட்டும்."

"எழுதுறதை எதுல எழுதி வைக்க?"

"வெறும் டெக்ஸ்ட் ஃபைல்ல. உங்க பேரப்பிள்ளை மெஷின்லயும் திறக்கும்."

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்ததில்லை. "இருக்கிற லினக்ஸ்லயே எது டீச்சர் ஒசத்தி?" என்று கேட்டால் மாரிச்செல்வி காகிதத்தை அடுக்கிக்கொண்டே, "டீ குடிக்கீங்களா அண்ணாச்சி?" என்பார். அருமைநாயகத்துக்கு இதில் வருத்தம்தான். தனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொன்றை ஏற்றிப் பார்ப்பார்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை பிளஸ் டூ வரலாற்றுத் தேர்வு. மூன்று மாணவிகளுக்குக் கடைசி இரண்டு பாடங்கள் இன்னும் அச்சாகவில்லை. திருத்திய புத்தகமே அந்த வாரம்தான் வந்திருந்தது. மாலை நாலரைக்கு விடுதி வேன் வந்து வாங்கிக்கொண்டு போகும். அதற்குள் முடியாவிட்டால் அந்தப் பிள்ளைகள், வேறு யாராவது வாசிக்கக் காதால் கேட்டுக்கொண்டு தேர்வுக்குப் போக வேண்டியதுதான். மாரிச்செல்வி காலை ஆறு மணிக்கே வந்து, கடைசிப் பாடத்தில் பதினெட்டுப் பக்கம் திருத்தி முடித்திருந்தார்.

பத்தரைக்கு அருமைநாயகம் வந்தார். முப்பதாவது லினக்ஸ் ராத்திரியோடு படுத்துவிட்டது.

"முப்பத்தொண்ணாவதை ஒரு பென் டிரைவ்ல எழுதணும் டீச்சர். உங்க மெஷின்ல எழுதிக்கிடட்டுமா?"

"எழுதிக்கிடுங்க. நான் பேப்பர் கட்டைப் பிரிக்கேன்."

பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்துவிட்டு மாரிச்செல்வி பின்கட்டுக்குப் போனார்.

இந்த வேலைக்கு மவுசால் அழுத்துகிற மென்பொருள் உண்டு. இந்த டிரைவா, நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்கும். முப்பது லினக்ஸ் பார்த்தவர் அதைத் தொடுவாரா? கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளைதான். அந்தக் கட்டளை யாரையும் எதுவும் கேட்காது. சொன்ன டிரைவில் இருப்பதை அழித்து மேலே எழுதும். எந்த டிரைவ் என்பதைச் சொல்வது அதில் ஒரே ஒரு எழுத்து. அருமைநாயகத்தின் புது லேப்டாப்பில் பென் டிரைவுக்கு 'ஏ' என்று பெயர். மாரிச்செல்வியின் பழைய கணினியில் 'ஏ' என்பது உள்ளே இருக்கும் டிஸ்க்.

பழக்கதோஷத்தில் 'ஏ' என்று அடித்து எண்டரைத் தட்டினார்.

பென் டிரைவில் விளக்கு எரியவில்லை. கணினிக்குள் டிஸ்க் கரகரத்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கணினியின் வயரைப் பிடுங்கினார். ஆனால் அதற்குள் டிஸ்க்கில் இருந்தது அழிந்துவிட்டிருந்தது.

கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நினைப்புக்கே வெட்கப்பட்டார்.

"டீச்சர், உங்க டிஸ்க் மேல எழுதிட்டேன்."

மாரிச்செல்வி வந்து திரையைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால்.

"திட்டிருங்க டீச்சர்."

"வேன் போகட்டும், திட்டுதேன்."

காகிதக் கட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த பழைய கணினி ஒன்றை இழுத்தார். புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தார். பிரெய்ல் அச்சு இயந்திரத்தின் அகலமான கேபிளை அதன் முதுகில் செருகினார். அப்படிப்பட்ட துளை இப்போது வருகிற கணினிகளில் கிடையாது. அதனால்தான் புதுசு வாங்கும்படி யார் சொன்னாலும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. பீரோவிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்துவந்து மாட்டினார். தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் எல்லாவற்றையும் அதில் ஒரு பிரதி எடுத்துவைப்பார். நாலு வரி அடித்தார். இயந்திரம் தடதடவென்று கெட்டிக் காகிதத்தில் புள்ளி குத்த ஆரம்பித்தது. மொத்தம் கால் மணி நேரம்.

அருமைநாயகம் வாய் பிளந்து நின்றார். முப்பது வருடம் எக்ஸ்சேஞ்சில் இருந்திருக்கிறார், லைன் அறுந்தால் ஊரையே அதட்டும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறார். இப்படிக் குரல் உயராமல் ஒரு காரியம் நடந்து அவர் பார்த்ததில்லை.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் எல்லாம் இருக்கு," என்றார் மாரிச்செல்வி. "மொத பாடம் அச்சாகுது. இன்னைக்குக் காலையில திருத்தின பதினெட்டுப் பக்கம்தான் போச்சு. உக்காருங்க அண்ணாச்சி. நான் வாசிக்கேன், நீங்க அடிங்க."

"மறுபடியும் என்னையத் தொட விடுதீங்களா?"

"ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு தடவை பாத்து அடிக்கிற ஆளு இன்னைக்கு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

உட்கார்ந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. இயந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி அவர் வாசிக்க, இவர் அடித்தார். ஒப்பந்தங்கள் வந்தன, கிளர்ச்சிகள் வந்தன, வருடங்கள் வந்தன. வருடம் வரும்போதெல்லாம் இவர் நிறுத்தி, "இன்னொரு மட்டம் சொல்லுங்க டீச்சர்," என்றார். மத்தியானம் ஆளுக்கு இரண்டு இட்லி. மிச்ச நேரம் முழுக்கப் பாடத்தைப் பகுதி பகுதியாக இயந்திரத்துக்கு அனுப்புவதும், வந்த தாளைச் சரிபார்ப்பதும், பிழை இருந்தால் திருத்தி மறுபடி அனுப்புவதும்தான். காலையில் வந்த பதற்றம் எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

நாலு மணிக்குக் கடைசித் தாள் விழுந்தது. இருவரும் துளையிட்டுக் கட்டி முடிக்கவும் வாசலில் வேன் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. மாணவிகளில் ஒருத்தி வேனிலேயே வந்திருந்தாள். அருமைநாயகம் கொடுத்த புத்தகத்தை மடியில் வாங்கி, வண்டி கிளம்புவதற்குள் திறந்து, விரலை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். நன்றி சொல்லக்கூட அவளுக்கு நேரமில்லை. வேன் தெருமுனை திரும்பும் வரை அருமைநாயகம் வாசலிலேயே நின்றார். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தார்.

உள்ளே வந்து கணினியை அணைத்தார். திரை இருண்ட பிறகுதான் மனிதருக்குப் பழைய ஞாபகம் வந்தது.

"டீச்சர், கேக்க மறந்துட்டேன். இதுல இருக்கிறது எந்த லினக்ஸ்?"

மாரிச்செல்வி கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மணி நேரமா அதுக்கு முன்னால உக்காந்திருந்தது நீங்கதான அண்ணாச்சி," என்றார். "என்னையக் கேக்கீங்க?"