நாலாவது உறை

“மண்டை ஓட்டில ஒரு கீறல்கூட இல்ல மேடம். மாரடைப்புன்னு எழுதிட்டேன். தையல் போட்டு அனுப்பிடலாமா?”

பிணக்கூடத்தில் டாக்டர் வேலாயுதம் இப்படிக் கேட்டார். வயது நாற்பத்தைந்து. கிராமத்து ஆஸ்பத்திரிகளில் ஊசி போட்டே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போதுதான் பிரேதப் பரிசோதனை கற்றுக்கொள்ள வந்திருந்தார். ஆசிரியை ரெஜினா அவரைவிட எட்டு வயது இளையவர்.

மேசையில் கிடந்தவள் செங்கல் சூளையில் வேலை பார்த்த பூங்காவனம். ஒரு நாள் லீவு கேட்டதற்கு மேஸ்திரி அடித்தே கொன்றுவிட்டான் என்று அவள் தங்கை வாசலில் கதறிக்கொண்டிருந்தாள். சூளை முதலாளிக்கு வேண்டப்பட்ட இன்ஸ்பெக்டர் கதவுக்கு வெளியே காத்திருந்தார்.

“மூளைக்கு எத்தனை உறை?” ரெஜினா கேட்டார்.

“மூணு மேடம். வெளிய தோல் மாதிரி தடிச்சது. நடுவுல சிலந்தி வலை மாதிரி. கடைசியா மூளையோட ஒட்டிக்கிட்டு மெல்லிசா ஒண்ணு.”

ஒப்பிப்பதில் மனுஷனைக் குறை சொல்ல முடியாது.

“வெளியுறையை வெட்டிப் பாத்தீங்களா?”

வேலாயுதம் தையல் ஊசியில் நூல் கோத்தார்.

மண்டை ஓட்டைக் கழற்றியபோதே, தடித்த உறையின் இடப்பக்கம் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்துவிட்டார். இன்ஸ்பெக்டரைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் எப்படிக் காலம் தள்ளுவது?

ரெஜினா அவர் எழுதிய அறிக்கையை எடுத்தார். மடிப்பை நீவிவிட்டு, திறந்து கிடந்த தலையின்மேல் போர்த்தினார்.

“இப்ப நாலு.”

காகிதத்தில் ஈரம் ஊறியது.

வேலாயுதத்துக்குக் காது மடல் சுட்டது. அவமானம்தான், வேறென்ன. காகிதத்தைக் கசக்கி வாளியில் எறிந்தார். கத்தரிக்கோலை எடுத்தார்.

வெளியுறைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கறுப்பாகக் கட்டியிருந்தது.

கதவு தட்டப்பட்டது.

“என்ன டாக்டர், மாரடைப்புதானே? கையெழுத்தாச்சா?”

ரத்தக் கையுறையோடு போய்க் கதவைத் திறந்தார் வேலாயுதம்.

“உள்ள வந்து நீங்களே பாருங்க சார்.”

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்.

“வரலையா? அப்ப அந்தத் தங்கச்சிகிட்டப் போய் வாக்குமூலம் வாங்குங்க. நான் இங்க எழுதிட்டிருக்கேன்.”