பகல்விளக்கு வீடு

கடல் ஓர் அரசனைப் போலத் திறை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வெண்மணல்துறை என்றொரு பட்டினம். அங்கே முத்துக் குளித்தார்கள், மிளகு ஏற்றினார்கள், செல்வம் சேர்த்தார்கள். சேர்த்ததையெல்லாம் வீட்டின் முகப்பில் கொட்டினார்கள். வாயிலில் யாளி, தூணில் தாமரை, கதவில் பித்தளைக் குமிழ். உள்ளேயோ கும்மிருட்டு. கள்ளருக்கு அஞ்சியும் மிளகு மூட்டைக்கு இடம் வேண்டியும் முன்னோர்கள் முற்றங்களை ஓடு வேய்ந்து மூடிவிட்டார்கள். நண்பகலிலும் விளக்கேற்றி வாழ்ந்த அவ்வூரார் அதையே செல்வச் சிறப்பு என்று எண்ணினார்கள்.

அப்பட்டினத்துச் சாத்தப்பன் என்னும் வணிகனின் கலம் நடுக்கடலில் உடைந்தது. நீந்திக் கரையேறிய அவனைத் தொலைதீவின் தலைவன் பிடித்துவைத்தான். "காற்றுத் திரும்புமுன் மீட்புப்பொருள் வரவேண்டும். வராவிட்டால் இவன் சாகும்வரை எனக்கு அடிமை" என்று சொல்லியனுப்பினான்.

சாத்தப்பனின் மனைவி உமையாளுக்கு எஞ்சியிருந்த பெருஞ்சொத்து வீடு ஒன்றே. தரகர் வந்தார், விளக்கைத் தூக்கிப் பார்த்தார், தும்மினார்.

"ஆச்சி, இந்த இருட்டுக்கு மீட்புப்பொருளில் பாதிகூடத் தேறாது" என்றார்.

உமையாள் அழவில்லை. அழுததால் எந்த வீடும் விலை கூடியதில்லை. வந்தவர் மிதித்த கூடத்தைக் கழுவ நீரை ஊற்றினாள். ஊற்றிய நீர் வாயிலை நோக்கி ஓடவில்லை. நாற்புறமிருந்தும் கூடத்தின் நடுவுக்கு ஓடித் தேங்கி நின்றது. குனிந்து மண்ணைச் சுரண்டினாள். அடியில் தூர்ந்துபோன கல்வடிகால் ஒன்று கிடந்தது.

"மழை விழாத இடத்தில் எவன் வடிகால் வெட்டுவான்?" என்று தன்னையே கேட்டாள். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

மறுநாள் கொத்தனை அழைத்துக் கூரையைப் பிரிக்கச் சொன்னாள். அடுத்த வீட்டு வைரவனும் அப்போது தன் வீட்டை விற்க முயன்றுகொண்டிருந்தான். தூண்களுக்குப் பொன் பூசிக்கொண்டிருந்தான். ஓடு இறங்கும் ஓசை கேட்டு ஓடிவந்தான்.

"ஆச்சி! கூரை இல்லாத வீட்டை வானத்துக்கா விற்கப் போகிறீர்கள்?"

"வானம் விலை கேட்பதில்லை, அண்ணே. வழிவிட்டால் சும்மா வந்துவிடும்."

"நான் தூணுக்குப் பொன் பூசுகிறேன், நீங்கள் வீட்டுக்கு ஓட்டை போடுகிறீர்கள். வாங்க வருகிறவன் எங்கே நிற்பான் என்று பார்ப்போமே."

"நனையாத இடத்தில் நிற்பான். உங்கள் அடுக்களை இன்னும் ஒழுகுகிறதல்லவா?"

வைரவன் பொன் பூசத் திரும்பிப் போனான்.

உமையாள் நான்கு வேலைகள் செய்தாள். பிரித்த ஓடுகளால், ஒழுகிய தன் அடுக்களையை வேய்ந்தாள். மிளகு அடுக்கிய பழைய சட்டங்களை முற்றத்தின் மேல் கள்ளர் நுழையாத கிராதியாக்கினாள். வடிகாலைத் தூர்வாரி, நீரைப் பின்புறத் தோட்டத்துக்குத் திருப்பினாள். நான்காவதாகக் கடற்கரைக்குப் போனாள். முத்தை எடுத்துக்கொண்டு ஊரார் எறிந்த சிப்பிகள் அங்கே குன்றாய்க் குவிந்திருந்தன, எவரும் தொடுவதில்லை. அவற்றை அள்ளிவந்து சுட்டுச் சுண்ணாம்பாக்கி, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, சுவரெங்கும் பூசிக் கூழாங்கல்லால் தேய்த்தாள். அவள் காதுத் தோடு ஒன்றே எல்லாச் செலவுக்கும் போதுமானதாயிற்று.

சுவர் உலர்ந்த அன்று காலை, கதிரவன் கிராதி வழியே இறங்கினான். முற்றத்தில் விழுந்த ஒளி சுவரைத் தொட்டது. சுவரிலிருந்து சுவருக்குத் தாவியது. மூன்று தலைமுறை இருண்டு கிடந்த மூலைகளுக்கெல்லாம் மெல்ல நடந்து சென்றது. நிழலும் இல்லை, கூச்சமும் இல்லை. பூச்சு வேலைக்கு வந்த பெண்கள் கையிலிருந்த விளக்கை அணைக்கவும் மறந்து நின்றார்கள். சிப்பிக்குள் புகுந்து பார்த்தவர் உலகில் எவருமில்லை. அன்று அவ்வீட்டுக்குள் நின்றவர்கள் பார்த்தார்கள்.

அந்நாளில் அரசனின் முத்து மதிப்பாளர் மாறநம்பி, பட்டினத்திலேயே தங்கிப் பணிசெய்ய ஒரு வீடு தேடி வந்தார். மூன்று வீடுகள் விலைக்கு இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் நின்று, மடியிலிருந்த முத்தொன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

வைரவனின் வீட்டில் விளக்கும் பொன்னும் சேர்ந்து முத்தை மஞ்சளாக்கின. கப்பற்காரர் ஒருவரின் வீட்டில் பட்டுத் திரைகள் அதைச் சிவப்பாக்கின. உமையாளின் வீட்டில் முத்து முத்தாகவே இருந்தது. பால்வெண்மையும், அதனுள் ஓடிய நீலமும், ஓரத்தில் ஊசிமுனையளவு மறுவும் தெரிந்தன.

மாறநம்பி முத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேடிக்கை பார்க்கப் பின்தொடர்ந்து வந்த வைரவன் தன்னை அறியாமல் கை கூப்பியிருந்தான்.

"ஆச்சி, இந்த மறுவை நான் இதுவரை கண்டதில்லை" என்றார் மாறநம்பி. "இம்முத்தைக் காட்டிய வீட்டின் மறுவையும் சொல்லிவிடுங்கள்."

உமையாள் அவர் கையிலிருந்த முத்தைப் பார்த்தாள். கணவன் தீவில் இருந்தான், காற்றோ திரும்பவிருந்தது. ஆயினும் சொன்னாள்: "மழைநாளில் முற்றம் நனையும், ஐயா. அடுக்களைக்குச் சுற்றித்தான் போகவேண்டும். மேற்குச் சுவர் பழையது; இரண்டு மழைக்காலத்துக்கு ஒருமுறை பூசவேண்டும்."

"மறைக்கத் தெரியாத வீடு, மறைக்காத உடையவள்" என்றார் அவர். மீட்புப்பொருளுக்கு மேலும் மிஞ்சும் விலையை அங்கேயே பேசி முடித்தார்.

மீட்புப்பொருளோடு கலம் போயிற்று, காற்றோடு சாத்தப்பனும் திரும்பினான். தன் வாயிலில் நின்று உள்ளே பார்த்தவன், வேறொருவர் வீட்டுக்கு வந்துவிட்டதாக எண்ணி மன்னிப்புக் கேட்டான்.

"கேட்டது சரிதான்" என்றது பின்னாலிருந்து உமையாளின் குரல். "இப்போது இது மாறநம்பியாருடைய வீடு."

"அப்படியானால் நாம் எங்கே உறங்குவது?"

"மிஞ்சிய பொருளில் கடைக்கோடித் தெருவில் ஒன்று வாங்கியிருக்கிறேன். இருட்டு, ஒழுகும், வௌவால் வேறு. அதனால்தான் மலிவாகக் கிடைத்தது."

சாத்தப்பன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கலத்தை உடைத்த பேரலையைக் கண்டபோதும் அவன் அப்படி வியந்ததில்லை.

"ஏணி பிடிக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அவள்.

பிடித்தான்.

ஆதலால் அறிக: தன் வீட்டின் மதிப்பை உயர்த்த விரும்புகிறவன், பூசுவதற்குப் பொன் தேடுமுன், தீர்ப்பதற்குக் குறையைத் தேடக் கடவன்.