நந்தியாவட்டைப் புழு

பெரியவர்களே, குழந்தைகளே, இப்படி அருகே வந்து கேளுங்கள். வெகுகாலத்துக்கு முன் வெண்பாறை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசனிடம் நம்பிரான் என்ற வைத்தியர் இருந்தார். கெட்டிக்காரர். ஆனால் 'தெரியாது' என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

ஒரு நாள் அரண்மனைத் தோட்டக்காரி நாச்சி, நந்தியாவட்டைச் செடியில் ஒரு புழுவைக் கண்டாள். விரல் நீளம், இலைப் பச்சை. கழுத்தருகே இரண்டு நீலப் புள்ளிகள், விழித்துப் பார்க்கும் கண்களைப் போல. அப்படியொரு புழுவை அவள் பார்த்ததில்லை. இலையோடு கொண்டுபோய் அரசனிடம் காட்டினாள்.

அரசன் வைத்தியரைக் கேட்டான். அவரும் அதைப் பார்த்ததில்லை. ஆனால் சபை முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இது நச்சுப்புழு, அரசே. இதன் மூச்சுக்காற்றுப் பட்டாலே காய்ச்சல் வரும்” என்றார்.

தான் கையில் எடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றாள் நாச்சி. பத்து நாள் பானையில் வைத்துப் பார்க்கலாமே என்று கெஞ்சினாள். அரசன் தயங்கினான். உறுதியாகத் தெரியுமா என்று வைத்தியரை ஒரு முறை கேட்டான், இரண்டு முறை கேட்டான், மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அவர் தெரியும் என்றார்.

புழுவை நெருப்பில் போட்டார்கள். புழு இருந்த செடியும் ஆகாதென்று நாடெங்கும் நந்தியாவட்டையை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். கண்நோய் கண்டால் அந்தப் பூவின் சாற்றைத்தான் ஊரார் கண்ணில் விடுவார்கள். அது வைத்தியருக்கும் தெரியும். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

கோடையில் கண்நோய் வந்தது. முதலில் குயவர் தெரு, அடுத்து நெசவாளர் தெரு, பிறகு வைத்தியர் வீடு. அவருடைய ஒரே மகள் அல்லிக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டது. வேறு எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை.

வைத்தியர் தோட்டத்துக்கு ஓடினார். நாச்சி கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு பூ மிச்சமிருக்கிறதா என்று கேட்டார்.

“நீங்கள் சொன்னதை நம்பி எல்லாவற்றையும் எரித்துவிட்டோம், ஐயா” என்றாள். பிறகு அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “அது என்ன புழு என்று அன்றைக்கு உங்களுக்கு நிஜமாகவே தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியாது, தாயே” என்றார் வைத்தியர்.

அல்லிக்குப் பார்வை திரும்பவில்லை. நாச்சிக்கும் திரும்பவில்லை. அந்தக் கோடையில் வெண்பாறையில் நூறு பேருக்கு மேல் கண்ணிழந்தார்கள்.

ஆகவே, கதை கேட்டவர்களே, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன் தன்னையும் கெடுத்து, தன்னை நம்பியவர்களையும் கெடுப்பான்.